கோடையில் அருவிக்கு நடந்து செல்வது எப்படி? ஏலகிரி, ஜவ்வாது மலை ஓடைகளுக்கான வழிகாட்டி

சித்திரை பாதி கழிந்து கத்திரி வெயில் தொடங்கியதும், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கத்து இளைஞர்களுக்கு எழும் முதல் ஆசை எங்காவது ஓர் அருவியடியில் போய் நிற்க வேண்டும் என்பதுதான். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அதற்கு இடங்களும் இருக்கின்றன. ஏலகிரி மலையிலிருந்து அட்டாறு இறங்கி விழும் ஜலகம்பாறை திருப்பத்தூருக்கு அருகில் இருக்கிறது; ஜவ்வாது மலையின் மேல் ஜமுனாமரத்தூருக்கு அருகில் பீமன் அருவி இருக்கிறது; வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் அம்மலையின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. ஆனால் 40 டிகிரியைத் தாண்டும் மே மாத வெயிலில் இந்த ஓடைகளை ஒட்டி நடப்பது, கார்த்திகை மாதத்தில் நடப்பதைப் போன்றதன்று. பல கோடைகளில் இந்த மலைகளில் நடந்த பழக்கத்தில் சொல்கிறேன்: பாறையின் இயல்பையும் பொழுதின் போக்கையும் அறிந்து நடப்பவர்களுக்குக் கோடையிலும் இந்த நடை இனிமையானது, அறியாதவர்களுக்கு அது ஆபத்தில் முடியலாம்.

அருவியில் நீர் இருக்குமா?

புறப்படுமுன் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை பாறையிலிருந்து தொடங்குகிறது. ஏலகிரி மலை சயனைட் (syenite) என்னும் பாறையால் ஆனது. ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் உருகிய குழம்பு மேலே வழியாமல் ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகியதால் உண்டான பாறை அது. அதே காலத்துப் பாறைக் கூட்டம் திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரிலும் வெளிப்பட்டு நிற்கிறது. அங்கே காணப்படும் கார்பனடைட் என்னும் அரிய பாறைக்காகப் புவியியல் மாணவர்கள் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். ஆகவே நெருப்பில் பிறந்த மலை என்று ஏலகிரியைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் வாய் திறந்து கக்கிய எரிமலை என்று சொல்லக் கூடாது.

இந்த வேறுபாடு நடப்பவருக்கு மிகவும் முக்கியமானது. நிலத்தின் மேல் வழிந்து விரைவாக ஆறிய எரிமலைப் பாறையில் துளைகளும் வெடிப்புகளும் நிறைய இருக்கும். மழைநீர் அதற்குள் இறங்கிச் சேர்ந்து, ஆண்டு முழுவதும் ஊற்றாகக் கசியும். கலிபோர்னியாவிலுள்ள 129 அடி உயரமான பர்னி அருவி அப்படிப்பட்ட பாறையின் ஊற்றுநீரால் கடுங்கோடையிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 கோடி லிட்டர் நீரைக் கொட்டுகிறது. ஆழத்தில் மெல்ல ஆறிய சயனைட்டிலோ துளைகள் இல்லை. மழைநீர் மேல்மண்ணிலும் பாறையின் கீறல்களிலும் மட்டுமே தங்கும். அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் அருவி கம்பியாக மெலிந்து, பிறகு பாறையில் ஈரக்கறையாக மட்டும் எஞ்சும். ஜவ்வாது மலையின் கெட்டியான பழம்பாறைகளுக்கும் இது பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் ஆர்ப்பரிக்கும் ஜலகம்பாறை பங்குனியில் வற்றிப்போவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் கோடையில் எப்போது போவது? மலையின் மேல் நல்ல கோடை இடிமழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த ஓரிரு நாட்களுமே தக்க தருணம் என்பது என் அனுபவம். கீழே ஊரில் பெய்த மழையைக் கொண்டு கணக்கிடாதீர்கள். வேலூரில் தெருவெல்லாம் வெள்ளம் ஓடிய நாளில் ஜமுனாமரத்தூரில் ஒரு துளிகூட விழாமல் இருந்திருக்கலாம். மலைமேல் கடை வைத்திருப்பவர், பேருந்து நடத்துநர், உறவினர் என யாராவது ஒருவரைத் தொலைபேசியில் கேட்டு, மேலே மழை பெய்ததா, ஓடையில் நீர் நகர்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே புறப்படுங்கள். மழையே இல்லாவிட்டாலும் நடை வீண் என்று நான் கருதவில்லை. ஓடையின் வளைவுகளில் நிழல் விழும் மடுக்களில் நீர் தங்கியிருக்கும். கரையில் நீர்மருது மரங்கள் அடர்ந்து நிற்குமிடத்தில் மணலுக்கடியில் ஈரம் இருக்கிறது என்று கொள்ளலாம். வறண்ட பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அனுமதி

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடப்பதற்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதியின்றி வனப்பகுதிக்குள் நுழைவது குற்றமாகும். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்லக்கூடிய 40 நடைவழிகளில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகம்பாறையும் உள்ளன. காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டு இந்த வழிகள் மூடப்படுவதுண்டு. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டிருந்தன. ஆகவே கோடை நடைக்குத் திட்டமிடுபவர்கள் முதலில் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு விடுப்புக்கு எழுதிக் கொடுப்பது நல்லது. இணையதளத்தில் இல்லாத வழிக்கு அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்க வேண்டும்.

பொழுதைக் கணக்கிடுதல்

மே மாதத்தில் வேலூர்ப் பகுதியில் சூரியன் ஏறத்தாழ 5.45 மணிக்கு உதிக்கிறது. அதற்கு அரைமணி முன்னதாகவே, பாதை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் நேரத்தில், நடைக்கு ஆயத்தமாக நிற்க வேண்டும். ஒன்பது, ஒன்பதரை மணிக்குள் திறந்த பாறைகளைக் கடந்துவிட வேண்டும். வேலூரிலிருந்து விடிந்த பிறகு புறப்பட்டு, வழியில் ஆம்பூரில் நிறுத்திப் பிரியாணி உண்டுவிட்டு ஏறலாம் என்று திட்டமிட்டால், நடை தொடங்கும்போதே பத்து மணி ஆகிவிடும். பிரியாணியை நடை முடிந்த பிறகு உண்ணுங்கள். முதல் நாள் மாலையே ஜோலார்பேட்டை, பொன்னேரி வழியாக மலையேறி ஏலகிரியிலோ, அல்லது ஜமுனாமரத்தூரிலோ தங்கிவிடுவதே சிறந்தது.

பள்ளத்தாக்கில் எப்படியும் நிழல் இருக்கும் என்று நம்பி நடுப்பகலில் இறங்குபவர்கள் பலர். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள் நண்பகலில் சூரியன் வேலூரின் உச்சிக்கு நேர்மேலே வருகிறது. அன்று செங்குத்தாக நட்ட கம்பிக்கும் நிழல் விழாது. அதை ஒட்டிய வாரங்களிலும் நிலைமை ஏறக்குறைய அதுவேயாதலால், இரு பக்கமும் எவ்வளவு உயர்ந்த பாறைச்சுவர் இருந்தாலும் பதினொன்றரை மணிக்கு மேல் ஓடைப் படுகையில் வெயில் நேராக இறங்கும். காலையிலோ நிலைமை வேறு. மேற்கு நோக்கிச் சரியும் பக்கத்தில் மலையின் நிழலே வெகுநேரம் நீடிக்கும். எந்தச் சரிவில் இறங்குகிறோம் என்பதை வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டால், நிழலில் நடக்கும் நேரத்தை ஒரு மணி அளவு கூட்டிக்கொள்ள முடியும்.

ஜலகம்பாறைக்கு ஏலகிரியின் நிலாவூர்ப் பக்கத்திலிருந்து இறங்கும் வழி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ளது. இறங்குவதுதானே, எளிது என்று தோன்றும். ஆனால் ஏலகிரியின் மேல்தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று திருப்பத்தூர்ச் சமவெளியை விட நாலைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். இறங்க இறங்க அந்தக் குளிர்ச்சியை இழந்துகொண்டே வருகிறோம், அதே நேரத்தில் சூரியனோ மேலே ஏறிக்கொண்டே வருகிறது. அருவியில் குளித்துக் களைத்த பிறகு, வந்த வழியே நடுப்பகலில் திரும்ப ஏறுவதுதான் இந்த நடையில் செய்யக்கூடிய பெரிய தவறு. அதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். உடன் வந்த மைத்துனர் பாதி ஏற்றத்தில் பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த நீரையெல்லாம் அவர் தலையில் ஊற்றி, ஒரு பாறை இடுக்கின் நிழலில் மூன்று மணிநேரம் படுக்க வைத்த பிறகே அவரால் எழ முடிந்தது. அதன்பின் ஒருவழி நடையாகவே போகிறேன். மேலிருந்து இறங்கி, அருவிக்குக் கீழே சடையனூர்ப் பக்கம் வெளியேறி, முன்னரே சொல்லி வைத்த வண்டியில் திருப்பத்தூர் போய்ச் சேர்வது நல்லது. குழந்தைகளும் முதியவர்களும் உடன் இருந்தால் மேலிருந்து இறங்கவே வேண்டாம். திருப்பத்தூரிலிருந்து அருவி வரை சாலையிலேயே வந்துவிடலாம்.

பாறைமேல் கால் வைத்தல்

சயனைட் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தின் மணிகளால் ஆனது. வெளிர்ச் சாம்பலும் இளஞ்சிவப்புமாகச் சொரசொரவென்று இருக்கும் உலர்ந்த முகப்பில் ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி நன்றாகப் பற்றும். அதே பாறை, வெள்ளம் ஓடும் தடத்தில் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து கண்ணாடிபோல் மழமழப்பாகியிருக்கும். அங்கே உலர்ந்திருந்தாலும் வழுக்கும். கறுப்புப் பட்டையாகத் தெரிவது காய்ந்த பாசி. நான்கு துளி நீர் பட்டதும் அது எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும் என்பதால், உலர்ந்திருக்கும்போதே அதைத் தவிர்க்கும் பழக்கம் வேண்டும். ஈரப்பாறையில் இறங்கும்போது உடலைப் பின்னால் சாய்க்காமல், முழங்காலை மடக்கி, பாதம் முழுவதும் படியும்படி சிறு அடிகளாக எடுத்து வையுங்கள். இரு கால்களும் ஒரு கையுமோ, இரு கைகளும் ஒரு காலுமோ எப்போதும் எதையாவது பற்றியிருக்கட்டும். நிமிர்ந்து நடக்க அச்சமாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்தபடியே நகர்வதில் எந்த இழுக்கும் இல்லை.

இந்தப் பாறைகளுக்கு வெங்காயம்போல் ஏடு ஏடாக உரியும் தன்மை உண்டு. மேலேடு அடிப்பாறையிலிருந்து பிரிந்து வெறுமனே கிடக்கும். கழியால் தட்டினால் வெற்றுப்பானை ஒலி எழும் இடத்தில் முழு எடையையும் வைக்காதீர்கள். நண்பகல் வெயிலில் கரும்பாறையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். குளித்த பிறகு வெறுங்காலுடன் பத்தடி நடந்தவர்கள் உள்ளங்கால் கொப்புளத்துடன் ஊர் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

காலணியைப் பற்றி ஒரு சொல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டுக் காலணி செய்யும் ஊர்க்காரர்கள் நாம். ஆனாலும் இந்த நடைக்குத் தோல் காலணி வேண்டாம். நனைந்தால் கனக்கும், காய்ந்தால் இறுகும். நீர் வடிந்துபோகும் துணிக் காலணியும், கூடுதலாக ஒரு சோடி உலர்ந்த காலுறையும் போதும்.

நீரும் உப்பும்

வேலூர்ப் பகுதியின் வெயில் கடற்கரை வெயிலைப் போன்று பிசுபிசுப்பதில்லை. வியர்வை தோலில் நிற்காமல் உடனே ஆவியாகிவிடுவதால், எவ்வளவு நீர் போகிறது என்பது நமக்கே தெரிவதில்லை. இதனால்தான் வியர்க்கவே இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. ஒரு மணிநேர நடைக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை எனக் கணக்கிட்டு, ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால்மணிக்கு ஒருமுறை சில மடக்குகள் குடிப்பது நல்லது. வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கித் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஆகவே ஒரு லிட்டரையாவது உப்பு கலந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எளிது. அது இல்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொள்ளலாம். புறப்படுமுன் நீராகாரமோ மோர் ஊற்றிக் கரைத்த கேழ்வரகுக் கூழோ ஒரு சொம்பு குடித்துவிட்டு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் நாலைந்து எடுத்துக்கொண்டால், பத்து மணி வரை வேறொன்றும் தேவைப்படாது.

மடுவில் தேங்கிய நீரைக் குடிக்க வேண்டாம். கால்நடையும் காட்டு விலங்கும் இறங்கும் நீர் அது. ஆனால் அதே நீர் உடலைக் குளிர்விக்க மிகவும் ஏற்றது. தளர்ந்த முழுக்கைப் பருத்திச் சட்டையையும் தலைத்துண்டையும் ஒவ்வொரு மடுவிலும் நனைத்து அணிந்துகொண்டு நடங்கள். நம் வறண்ட காற்றில் அந்த ஈரம் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சிக்கு வேறெதுவும் ஈடாகாது.

களைப்பு, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். அப்போதே நிழலில் உட்கார்ந்து உப்புநீர் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேச்சு குழறுவதும், கேட்டதற்குத் தொடர்பில்லாமல் விடை சொல்வதும், தள்ளாடுவதும் வெப்பத்தாக்கின் அடையாளங்கள். தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று எண்ணிவிடக் கூடாது. நடந்து வந்தவருக்கு வியர்வை இருந்துகொண்டே அது வரலாம். அந்நிலையில் ஒரு நிமிடமும் வீணாக்காமல், ஆழமில்லாத நீரில் தலையைத் தாங்கிப் பிடித்தபடி அவரைக் கழுத்துவரை கிடத்துங்கள். அதற்கு இடமில்லையென்றால் உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. ஒருவர் குளிர்வித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் அலைபேசி எடுக்கும் இடத்துக்குச் சென்று 108ஐ அழைக்க வேண்டும். இதற்காகவே நான் மூவருக்குக் குறைந்த குழுவாகப் போவதில்லை.

நீரில் இறங்குமுன்

கோடையில் மடுவின் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். கார்த்திகையில் ஆழத்தில் மூழ்கியிருந்த பாறை இப்போது இரண்டடிக்குக் கீழே இருக்கும். மேலிருந்து குதிப்பதை முற்றிலும் விலக்குங்கள். கழியால் ஆழம் பார்த்து, நடந்தே இறங்குங்கள். வெயிலில் வெந்த உடலோடு உடனே குளிர்ந்த மடுவில் பாய்வதை விட, ஐந்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து கை, கால், முகம் நனைத்துக்கொண்டு இறங்குவது உடலுக்கு நல்லது. மலைவாழ் மக்கள் குடிநீர் எடுக்கும் சுனைகள் சில ஓடைக்கு அருகிலேயே இருக்கும். அவற்றில் காலை நனைப்பதோ சோப்பு போடுவதோ அவர்களுடைய குடத்தில் கைவிடுவதற்குச் சமம்.

கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திரண்டு வரும். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே, மலையுச்சியில் பெய்த மழை காட்டாற்று வெள்ளமாக இறங்கிவிடும். நீரை உறிஞ்சாத பாறை என்பதால் பெய்தது முழுவதும் உடனே ஓடைக்கு வந்து சேரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேற்பக்கம் தொலைவில் லாரி ஓடுவதுபோல் இரைச்சல் கேட்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பையையும் செருப்பையும் தேடிக்கொண்டு நிற்காமல் கரைமேல் ஏறிவிடுங்கள். அக்கரையில் நின்றால் அக்கரையிலேயே இருங்கள். இறங்கிய வேகத்திலேயே வெள்ளம் வடியும், இரண்டு மூன்று மணிநேரம் பொறுத்தால் கடக்கலாம்.

தீயும் தேனீயும்

காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித்துண்டு போதும். சமைப்பதற்கோ, குளிர்காய்வதற்கோ, எதற்காகவும் காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது. புகை தென்பட்டால் மலைமேல் ஏறித் தப்ப முயலாதீர்கள். தீ ஏற்றத்தில்தான் மிக வேகமாக ஓடும். புல்லும் சருகும் இல்லாத வெறும்பாறைத் தளத்துக்கோ ஓடைப் படுகைக்கோ விரைந்து இறங்குங்கள். அருவிப் பாறையின் உயரத்தில் தொங்கும் பெரிய அடைகள் மலைத்தேனீயின் கூடுகள். கூச்சல், புகை, வாசனைத் தைலம் இவற்றில் எது பட்டாலும் அவை கூட்டமாகப் பாயும். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மரக்கூட்டத்துக்குள் ஓடுவதே வழி. இந்த மலைகளில் கரடியும் உண்டு. பழம் உதிரும் நாவல், இலுப்பை மரங்களுக்கு அடியில் விடியற்காலையில் நடக்கும்போது மெல்லப் பேசிக்கொண்டே செல்லுங்கள். ஓசை கேட்டால் பெரும்பாலும் அதுவே விலகிவிடும்.

வீடு திரும்பிய அன்று இரவு சிறுநீர் வைக்கோல் நிறத்துக்குத் தெளியும்வரை நீரும் மோரும் குடித்துக்கொண்டே இருங்கள். படுக்குமுன் ஒரு குறிப்பேட்டில், மலையில் மழை பெய்த தேதி, அதற்கு எத்தனையாவது நாள் நீங்கள் போனீர்கள், அருவியில் நீர் எந்த அளவில் விழுந்தது, எந்த மடுவில் நீர் நின்றது என்பதை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு கத்திரிக்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், எந்த மழைக்குப் பிறகு எந்த ஓடைக்குப் போவது என்று அதிலேயே இருக்கும்.